தண்ணீர் குடித்த பழைய சர்ஃப்போர்டு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

கொங்கு நாட்டில் கடல் கிடையாது. ஆனாலும் கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் மொட்டை மாடி அறையிலும் கார் ஷெட் பரணிலும் பழைய சர்ஃப்போர்டு ஒன்றிரண்டு கிடக்கத்தான் செய்கிறது. கோவளத்துக்கோ வர்க்கலைக்கோ மூல்கிக்கோ போய் அலையேறக் கற்றுக்கொண்டவர்கள், அங்கே மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய நீளப் பலகையை விலைபேசிக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்: மூக்கு உடைந்திருக்கிறது, மேல்தளம் உப்பியிருக்கிறது, தூக்கினால் கனக்கிறது.

கடல் இல்லையே தவிர, இதைப் பழுது பார்க்க வேண்டியதெல்லாம் நம்ம ஊரில் இருக்கிறது. பழைய பலகை என்பது ஃபோம், அதன்மேல் கண்ணாடி இழைத் துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசின், அவ்வளவுதான். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் முன்முகமும் பின்முகமும் வார்ப்பது இதே ரெசினில்தான். தண்ணீர்த் தொட்டியும் ஃபைபர் பரிசலும் செய்கிறவர்கள் நாள் முழுக்கக் கலக்குவதும் இதைத்தான். கணபதி, குறிச்சி சிட்கோ மாதிரியான இடங்களில் ஃபைபர் வேலைக்காரர் யாரைக் கேட்டாலும் சாமான் கிடைக்கும் கடையைச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஈரம் முழுசாகப் போகாமல் எந்த ஓட்டையையும் மூடாதீர்கள். வீட்டில் செய்த பழுது தோற்றுப்போகும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஈரம்தான் இருக்கும். ஈரமான ஃபோமில் ரெசின் ஒட்டாது, சரியாக இறுகவும் செய்யாது. மூடிய பிறகு சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி, மேலே ஒட்டிய துணியை உள்ளிருந்து தள்ளிக் கிளப்பிவிடும்.

கை வைக்கும் முன்: எந்த ஃபோம்?

1950களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் ஃபோமில் பலகை செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் பால்சா மரம். பிறகு கிளார்க்கின் கம்பெனி 2005 டிசம்பரில் மூடப்படும்வரை அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவை அவர் வார்த்த ஃபோமில் செய்தவைதான். ஆகவே பழைய பலகை என்றால் பாலியூரித்தேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நம்பிவிடக் கூடாது. உடைந்த இடத்தில் ஃபோமை உற்றுப் பாருங்கள். உருண்டை உருண்டையாகக் குருணை தெரிந்தால் அது தெர்மாகோல் வகை. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். அதற்கு எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின்தான் சரி. சந்தேகம் இருந்தால் கிள்ளிய துணுக்கு ஒன்றில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். சுருங்கிக் கரைந்தால் தெர்மாகோல், அப்படியே இருந்தால் பாலியூரித்தேன்.

பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டிப் பென்சிலில் எழுதிய எண்ணோ அளவோ இருக்கலாம். செய்தவரின் முத்திரை துணிக்கு அடியில் இருக்கலாம். அவற்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. அந்த முத்திரை போய்விட்டால் பலகையின் வரலாறே போனமாதிரிதான்.

கடையில்

கடைக்காரரிடம் இப்படித்தான் பேச்சு போகும்:

"அண்ணா, ஜிபி ரெசின் ஒரு கிலோ, ஆக்ஸிலரேட்டர், கேட்டலிஸ்ட் வேணுங்க."

"எதுக்குங்க, தொட்டி ஒழுகுதுங்களா?"

"கடல்ல ஓட்டற பலகைங்க. மேட் வேண்டாங்க, நெய்த கிளாத்தே கொடுங்க, 200 ஜிஎஸ்எம்."

ஜிபி என்றால் பொது உபயோகத்துக்கான பாலியெஸ்டர் ரெசின். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். மேட் வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஃபைபர் வேலைக்கு வழக்கமாகத் தருவது அறுத்த இழையைப் பரப்பிச் செய்த மேட். அது ரெசினை நிறையக் குடிக்கும், கனம் ஏறும், தேய்த்து வழவழப்பாக்குவதும் பெரும்பாடு. சர்ஃப்போர்டுக்கு நெய்த துணிதான். கூடவே கொஞ்சம் ஏரோசில் (ரெசினைக் கெட்டியாக்கும் மென்மையான சிலிக்கா பொடி), அசிட்டோன், கடைசிப் பூச்சுக்கு மெழுகுக் கரைசல், 80-லிருந்து 1000 வரை உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் ரெசின், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், அந்த இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர் மூன்றும் தனித்தனிப் புட்டியில் வரும். ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் ஆக்ஸிலரேட்டரை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அப்புறம்தான், பூசப்போகும் நேரத்தில், கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சு, ஒரே மூடி, ஒரே குச்சி எதுவும் கூடாது. இரண்டு புட்டியையும் வெவ்வேறு அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிகுறி: பலகை கனக்கிறது, ஓட்டையில் தண்ணீர் கசிகிறது

பழைய நீளப் பலகை இயல்பாகவே கனம்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், அல்லது விரிசலை அமுக்கும்போது ஈரம் எட்டிப் பார்த்தால், உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

உடைந்த இடத்தில் தொளதொளவென்று இருக்கும் துணியையும், பழுப்பேறி விரலில் பொடியாக உதிரும் ஃபோமையும் கத்தியால் வெட்டி எடுங்கள். ஓட்டை பெரிசாகிறதே என்று தயங்க வேண்டாம், காற்று போக வழி வேண்டும். கடல் தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே உப்பு தங்கியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே அந்த இடத்தை ஒருமுறை கொஞ்சமாக நல்ல தண்ணியில் அலசிவிடுங்கள். நல்ல தண்ணி என்றால் சிறுவாணியோ பில்லூரோ வருகிற குழாய். போர் தண்ணி வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் போர் தண்ணியில் வாளியே வெள்ளை பூத்துப்போகும், அதில் அலசி என்ன பயன்?

பிறகு ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பலகையைச் சாய்த்து வைத்து நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். ஆனால் மொட்டை மாடி வெயில் ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் காற்றை விரிய வைத்து, நன்றாக இருந்த இடத்தையும் உப்ப வைத்துவிடும். மாசி, பங்குனிதான் இதற்கு நல்ல காலம். காற்று வறண்டிருக்கும், மழை கிடையாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சுழற்றி அடிக்கும்போதும் ஈரம் வேகமாகப் போகும், ஆனால் புழுதியும் சேர்ந்து வரும். ஓட்டைமேல் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வாய்ப்பக்கம் காய்ந்திருக்கும், நாலு விரல் உள்ளே ஈரம் நிற்கும். தராசை நம்புங்கள். சூட்கேஸ் எடை போடும் கொக்கித் தராசில் பலகையைத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை எடையைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும். அடுத்தடுத்த இரண்டு வாரம் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. இதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன்.

அறிகுறி: மேலே மெல்லிய விரிசல்கள்

சிலந்தி வலை விரித்தமாதிரி கோடு கோடாக இருக்கும். எல்லாக் கோடும் ஆபத்தில்லை. மேல் பூச்சு மட்டும் வெடித்திருந்தால் விட்டுவிடலாம். துணியும் வெட்டுப்பட்டிருந்தால் தண்ணீர் புகும். கண்டுபிடிப்பது எளிது. பலகையை இரவு முழுக்க வீட்டுக்குள் குளிர்ச்சியாக வைத்திருந்து, காலையில் விரிசல்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவி, இளவெயிலில் சில நிமிடம் வையுங்கள். உள்காற்று சூடாகி விரியும். உயிருள்ள விரிசலில் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். குமிழ் வந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு உடனே பலகையை உள்ளே கொண்டுபோய்விடுங்கள். சூடாகியிருந்த பலகை ஆறும்போது உள்ளே இழுக்கும், அந்த நேரம் சோப்புத் தண்ணீர் மேலே நிற்கக் கூடாது. துடைத்துவிடுங்கள்.

வட்டமிட்ட இடங்களைக் காயவிட்டு, 80 தாளால் சொரசொரப்பாக்கி, ஒரு சுற்றுத் துணியும் ரெசினும் போட்டால் முடிந்தது. மேல்தளத்தில் காலும் முட்டியும் பட்டு விழுந்த ஆழமில்லாத அமுக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பலகைமேல் யாரோ நின்ற அடையாளம் அது, அதில் தண்ணீரும் புகாது.

அறிகுறி: சொட்டை விழுந்து ஃபோம் தெரிகிறது

அதிகமாக வருவது இதுதான். மூக்கிலும் வாலிலும் பக்கவாட்டு விளிம்பிலும் இருக்கும்.

முதலில் மெழுகு. சர்ஃபர்கள் கால் வழுக்காமலிருக்க மேல்தளத்தில் மெழுகு தேய்ப்பார்கள். பழைய பலகையில் அது அழுக்கோடு சேர்ந்து கட்டிதட்டியிருக்கும். மெழுகின் மேல் எதுவும் ஒட்டாது. பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி, டர்பென்டைனில் நனைத்த துணியால் துடைத்து, கடைசியில் சுத்தமான துணியில் அசிட்டோன் தொட்டு ஒருமுறை. மெழுகை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால் அதைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதுதான் நடக்கும்.

சொட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிடுங்கள். சின்ன ஓட்டைக்கு, ரெசினில் ஏரோசிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து நிரப்பலாம். சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். ஒரு விரல் ஆழத்துக்கு மேல் போனால் ஒரே தடவையில் ரெசினை ஊற்றாதீர்கள். மொத்தமாக இருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வெந்து வெடித்துவிடும், சுற்றியுள்ள ஃபோமும் கருகும்.

பெரிய ஓட்டைக்கு ஃபோம் துண்டுதான் வைக்க வேண்டும். குளிர்பதன அறை கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பஃப் பேனல் தெரியுமல்லவா? அதன் நடுவில் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம்தான். கன மீட்டருக்குச் சுமார் 40 கிலோ அடர்த்தி, சர்ஃப்போர்டு ஃபோமுக்கு மிகப் பக்கம். வேலை நடக்கும் இடத்தில் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். தகட்டை உரித்துவிட்டு, ஓட்டையின் ஓரங்களை நேராக வெட்டி, அதே அளவுக்குத் துண்டைச் சீவி, ஏரோசில் கலந்த ரெசினை மெல்லிசாகத் தடவி உட்காரவையுங்கள். இறுகிய பிறகு பலகையின் வளைவுக்குத் தேயுங்கள். சுற்றுப்பரப்பைவிட நூலளவு கீழே இருக்க வேண்டும், மேலே துணி வரப்போகிறது.

அப்புறம் துணி. இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று ஓட்டையைவிட ஓர் அங்குலம் பெரிசு, இன்னொன்று அதைவிட அரை அங்குலம் பெரிசு. சின்னது அடியில், பெரிசு மேலே. நூறு கிராம் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு கிராம். ஈரோடும் கரூரும் கொதிக்கிற மாதங்களில் ஒரு கிராமே போதும். மார்கழிக் குளிரில் இரண்டு வரை போகலாம். ஒன்றுக்கும் கீழே இறக்கினால் கடைசிவரை முழுசாக இறுகாமலே போகலாம். வேலைக்கு நேரம் வேண்டுமென்றால் கேட்டலிஸ்டைக் குறைக்காமல் ஒரு தடவைக்குக் கலக்கும் ரெசினைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் பூசுவது? சாயங்காலம், வெயில் தாழ்ந்து சூடு இறங்க ஆரம்பித்த பிறகு. காலையில் பூசினால், நேரம் ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும். சூடு இறங்கும்போது அது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் ஜன்னலை மூடிவையுங்கள், பஞ்சுத் தூசி வந்து ஈர ரெசினில் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. மூடிய அறையில் ரெசின் வாடை தலைவலிக்கும், ஆகவே ஒருபக்கக் கதவாவது திறந்திருக்கட்டும், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது.

துணியை வைத்துப் பிரஷ்ஷால் ரெசினை ஊட்டும்போது கவனியுங்கள். வெள்ளையாக இருந்த துணி நனைய நனையக் கண்ணாடியாகி மறையும். வெள்ளைப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக இழுத்து மிஞ்சிய ரெசினை வழித்துவிடுங்கள். துணியின் நெசவு லேசாகக் கைக்குத் தெரிய வேண்டும். அதற்குமேல் நிற்கும் ரெசின் பலம் தராது, கனம்தான் தரும். கலக்கியதில் மீதி இருந்தால் கப்போடு வெளியே மண்தரையில் வையுங்கள். கப்புக்குள் கட்டியாக நிற்கும் ரெசின் புகையும் அளவுக்குச் சூடாகும்.

அறிகுறி: மேல்தளம் உப்பி, அமுக்கினால் உள்ளே போய் வருகிறது

துணி ஃபோமைவிட்டுக் கிளம்பிவிட்டது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வைத்ததால் வரலாம், உள் ஈரத்தாலும் வரலாம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடத்தில் கெட்டியான சத்தம், கிளம்பிய இடத்தில் வெற்றுச் சத்தம். எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

உள்ளங்கை அளவுதான் என்றால், எதிரெதிர் ஓரத்தில் இரண்டு சின்னத் துளை போட்டு, முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் ஒரு துளை வழியாகச் சிரிஞ்சில் ரெசினைச் செலுத்துங்கள், மறு துளையில் எட்டிப் பார்க்கும்வரை. மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, மணல் பையை வைத்து இறுகும்வரை அமுக்கி வையுங்கள். செங்கல் வேண்டாம், வளைவான பரப்பில் அது ஒரே இடத்தில்தான் அழுத்தும்.

அரைப் பலகைக்கு உப்பியிருந்தால் சிரிஞ்சு வேலை பலிக்காது. துணியை வெட்டி உரித்து, உதிர்ந்த ஃபோமைச் சீவி, புதுசாகத் துணி போட வேண்டும். பலகை அரியது என்றால் அதைச் செய்யாமல் சுவரில் மாட்டிவைப்பதே நல்லது. முதன்முதலில் போட்ட துணியோடு முத்திரையும் நிறமும் போய்விடும்.

அறிகுறி: மஞ்சளாகிவிட்டது

ஒன்றும் செய்ய வேண்டாம். சூரிய ஒளியில் ரெசினும் ஃபோமும் மஞ்சளாவது இயற்கை, திரும்பாது. ஒட்டுப்போட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், கடைசிப் பூச்சில் மஞ்சளும் பழுப்புமாகப் பிக்மென்ட் பேஸ்ட்டை (நிறக் கூழ்) ஊசிமுனையளவு சேர்த்துப் பாருங்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பூசி இறுகவிட்டு நிறத்தை ஒப்பிடுங்கள், ஈரத்தில் தெரியும் நிறம் வேறு.

அறிகுறி: துடுப்பு ஆடுகிறது

1960களின் பெரும்பாலான பலகைகளில் அடித்துடுப்பைக் கழற்ற முடியாது, துணியோடு துணியாக ஒட்டியிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள். அடியில் முடியளவு கோடு திறந்து மூடினால் தண்ணீர் அங்கேதான் புகுகிறது. காயவிட்டு, கோட்டை V வடிவில் சீவித் திறந்து, நறுக்கிய இழை கலந்த ரெசினால் அடைத்து, இரண்டு பக்கமும் துடுப்பிலிருந்து பலகைக்கு இறங்கும்படி துணியைப் படிக்கட்டாக மூன்று சுற்று போடுங்கள். துடுப்பு நேராக நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்து, இருபுறமும் டேப் ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் ரெசினைக் கலக்க வேண்டும்.

அறிகுறி: குறுக்கே மடிப்பு, நடு மரம் கறுத்திருக்கிறது

நடு மரத்தில் கறுப்புக் கறை இருந்தால் தண்ணீர் வெகுநாள் நின்றிருக்கிறது. கம்பியால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கறையோடு காயவிட்டு மூடலாம். மெத்தென்று இருந்தாலோ குறுக்கே மடிப்புக் கோடு விழுந்திருந்தாலோ மேலே துணி ஒட்டி அலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அலையின் அடியில் பலகை இரண்டாக முறிந்தால் அந்த முனை உங்கள் மேலேயே வந்து பாயும். அதைக் கடற்கரையில் இதே தொழிலாக இருப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: பூசியது பிசுபிசுக்கிறது

இரண்டு காரணம். மேல்பரப்பு மட்டும் பிசுபிசுத்து, நகத்தால் அழுத்தினால் அடியில் கெட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த ரெசின் காற்றுப்படும் பரப்பில் முழுசாக இறுகாது. அடுத்த பூச்சு ஒட்ட அந்தப் பிசுக்கு நல்லதுதான். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்தால் மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும், பரப்பு காய்ந்துவிடும். மெழுகுக் கரைசல் கிடைக்கவில்லையா, ஈர ரெசின்மேல் ஓஎச்பி தாள் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைக் குமிழ் இல்லாமல் படிய வைத்து, இறுகிய பிறகு உரித்துவிடுங்கள். மெழுகு சேர்த்த பூச்சின்மேல் இன்னொரு பூச்சு போட நேர்ந்தால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அடிவரைக்கும் களியாக இருந்தால் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது, அல்லது ஆக்ஸிலரேட்டர் சேர்க்கவே மறந்திருக்கிறது, அல்லது ஃபோமில் ஈரம். ஒரு நாள் கதகதப்பான அறையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் இறுகவில்லை என்றால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மூடப் பார்க்காதீர்கள். மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, தராசில் எடையை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சரியாக இறுகியிருந்தால் 120, 220, 400 என்று ஏறி, 600-லிருந்து தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 1000-க்குப் பிறகு கார் பாலிஷ் போடுங்கள். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் தேய்க்க உட்காராதீர்கள், கண்ணாடித் தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். தேய்த்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதீர்கள்.